எல்லாப் பழியும் நெட்டுக்குத்தானா?

வேலூர் சத்துவாச்சாரியில் அக்கா வீட்டு மொட்டை மாடி அறையில் இருந்துதான் என் அக்கா பையன் யூடியூபில் லைவ் (நேரலை) போடுவான். கல்லூரி இரண்டாம் ஆண்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தமிழில் பேசிக்கொண்டே துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவான். பார்ப்பவர்கள் முப்பது நாற்பது பேர், அதில் பாதி அவன் வகுப்புப் பையன்கள். ஒரு நாள் போன் செய்தான். "இன்னா மாமா, லைவ்ல லேக் அடிச்சிக்கினே கீது. நெட் கம்பெனியை மாத்திரலாமா?" அதற்கு முந்தைய வாரம்தான் 100 எம்பிபிஎஸ் வேக நெட் பிளானை 200 ஆக்கியிருந்தான். அதற்கும் முந்தைய மாதம் ஒரு கடைக்காரர் சொன்னார் என்று ரேம் வாங்கிப் போட்டிருந்தான். இரண்டுக்கும் பணம் கொடுத்தது அக்கா. லேக் மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

"லேக் யாருக்குடா அடிக்குது? ஆடுற உனக்கா, பார்க்கிறவங்களுக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவனுக்குத் தோன்றவில்லை.

ஆடுபவர் கையிலேயே கேம் திணறலாம். கேம் வழுக்கிக்கொண்டு ஓட, லைவ் மட்டும் விட்டு விட்டு வரலாம். லைவும் ஒழுங்காகப் போய், சேமித்து வைத்த வீடியோ மட்டும் துள்ளலாம். உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகலாம். எல்லாமே சரியாக இருந்தும், பார்ப்பவருக்கு இருபது நொடி கழித்துப் போய்ச் சேரலாம். இந்த ஐந்து கோளாறுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: லேக். பெயர் ஒன்றாகிவிட்டதால் மருந்தும் ஒன்றாகிவிட்டது: நெட்டை மாற்று.

திரையில் ஓடும் ஒரு படம் பார்ப்பவரின் போன் வரை எப்படிப் போகிறது என்று தெரிந்தால் பாதி குழப்பம் தீரும். முதலில் கிராபிக்ஸ் கார்டு கேமின் காட்சியை வரைகிறது. அந்தப் படத்தை ஓபிஎஸ் போன்ற மென்பொருள் எடுத்து, மூலையில் உங்கள் முகம், கீழே பெயர்ப் பட்டை, பக்கத்தில் சாட் என்று ஒட்டிப் புதுப் படமாக்குகிறது. அதை என்கோடர் சுருக்குகிறது. சுருக்கியது ஹார்டு டிஸ்குக்கோ நெட்டுக்கோ போகிறது. யூடியூப் அதை வாங்கி, பல தரங்களில் மறுபடி சுருக்கி, துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பவருக்கு அனுப்புகிறது. நொடிக்கு 60 படம் என்றால், நம் கணினிக்குள் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.67 மில்லிநொடி. அதற்குள் முடியாவிட்டால் அந்தப் படம் போச்சு. அடுத்தது வந்து நிற்கும்.

சுருக்கும் வேலை எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டால்தான் மிரட்சி வரும். 1920-க்கு 1080 என்ற அளவில் ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் என்று வைத்தாலும் ஒரு படம் 6 எம்பிக்கு மேல். நொடிக்கு 60 படம் என்றால் ஏறக்குறைய 373 எம்பி. நெட் கணக்கில், அதாவது பைட்டுக்கு எட்டு பிட் என்று சொன்னால், சுமார் 3 ஜிபிபிஎஸ். அதை 6 எம்பிபிஎஸ் குழாய்க்குள் திணித்து அனுப்புகிறோம், அதாவது ஐந்நூறில் ஒரு பங்காக நசுக்கி. இவ்வளவும் கேம் ஓடும் அதே கணினியில், அதே நேரத்தில் நடக்கிறது.

சரி, எந்த இடத்தில் படம் தொலைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 2012-இல் ஹியூ பெய்லி என்பவர் வெளியிட்ட ஓபிஎஸ் இலவச மென்பொருள். உலகம் முழுக்க லைவ் போடுபவர்கள் பெரும்பாலும் அதையோ, அதிலிருந்து கிளைத்த ஒன்றையோதான் வைத்திருக்கிறார்கள். அதன் டாக்ஸ் மெனுவில் 'ஸ்டாட்ஸ்' என்று ஒன்று உண்டு. மூன்று வருடமாக லைவ் போடும் ஆட்கள்கூட அதைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். அதில் மூன்று எண்கள் இருக்கும். ரெண்டரிங் லேக் காரணமாகத் தவறிய படங்கள், என்கோடிங் லேக் காரணமாக விட்ட படங்கள், நெட்வொர்க்கில் விழுந்த படங்கள். முதலாவது கிராபிக்ஸ் கார்டின் பாடு. இரண்டாவது என்கோடரின் பாடு. மூன்றாவது மட்டும்தான் நெட்டின் பாடு.

அக்கா பையனை இருபது நிமிடம் லைவ் போட்டு அந்த மூன்றையும் படித்துச் சொல்லச் சொன்னேன். இருபது நிமிடத்தில் ஓடியவை 72,000 படங்கள். நெட்வொர்க்கில் விழுந்தது பூஜ்யம். என்கோடிங்கில் முப்பதோ என்னவோ. ரெண்டரிங்கில் ஒன்பதாயிரத்துக்கு மேல்! அவன் நெட்டில் ஒரு குறையும் இல்லை. முதல் எம்பிபிஎஸ்ஸிலிருந்தே இருந்ததில்லை.

நான் பார்த்த வரையில், நம் பக்கத்துப் பையன்களின் கேமிங் லேப்டாப்பில் அதிகம் வருவது இந்த ரெண்டரிங் வகைதான். அதிகம் புரிந்துகொள்ளப்படாததும் இதுதான். கேமை அதன் போக்கில் விட்டால் கிராபிக்ஸ் கார்டை 99 விழுக்காடு வரை தின்றுவிடும். நொடிக்கு 120 படம் வரைய முடிந்தால் 120-ம் வரையும். ஓபிஎஸ்ஸுக்கும் அதே கார்டு வேண்டும். முகத்தையும் பெயர்ப் பட்டையையும் ஒட்டும் வேலை அங்கேதான் நடக்கிறது. சின்ன வேலைதான், ஆனாலும் வரிசையில் நின்று முறை வர வேண்டும். முறை வருவதற்குள் 16.67 மில்லிநொடி கடந்துவிட்டால் அந்தப் படத்தை ஓபிஎஸ் தவறவிடும். ஆடுபவருக்கு எந்தக் குறையும் தெரியாது, கேம் பறக்கும். பார்ப்பவருக்குத்தான் துள்ளும். அதனால்தான் ஆடுபவர் "என் சைடு சூப்பரா ஓடுது, நெட்டுதான் கோளாறு" என்று சத்தியம் செய்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான்.

தீர்வுக்குக் காசு வேண்டாம். கேமின் அமைப்பில் எஃப்பிஎஸ்ஸுக்கு, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதற்கு, ஒரு வரம்பு போட வேண்டும். "எஃப்பிஎஸ் கொறைச்சா எப்டி மாமா ஆடுறது?" என்று முறுக்கிக்கொண்டான். 110-க்கும் 130-க்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருந்ததை 90-இல் நிறுத்தி, நிழல் தரத்தை ஒரு படி இறக்கினோம். கார்டின் சுமை எண்பதுகளுக்கு வந்தது. ரெண்டரிங் லேக் ஒன்பதாயிரத்திலிருந்து இரட்டை இலக்கத்துக்கு இறங்கியது. விண்டோஸில் ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறப்பதும் உதவும். அப்படித் திறந்தால் கார்டில் தன் வேலைக்கு முன்னுரிமை கேட்டு வாங்கிக்கொள்ளும். பின்னால் திறந்து கிடக்கும் பிரவுசர், ஆடும் வால்பேப்பர், எதற்கென்றே தெரியாமல் ஓடும் இரண்டாவது வீடியோ இவையும் அதே கார்டில்தான் கை வைக்கின்றன. லேப்டாப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. அதற்குள் கார்டு இரண்டு: பிராசசரோடு வருவது ஒன்று, தனியாக இருப்பது ஒன்று. கேம் ஒன்றிலும் ஓபிஎஸ் மற்றொன்றிலும் ஓடினால், கேமின் படத்தை நேரடியாக எடுக்கும் 'கேம் கேப்சர்' முறையில் கறுப்புத் திரைதான் மிஞ்சும், அல்லது படத்தை இங்கிருந்து அங்கே தூக்கிப் போடுவதிலேயே நேரம் போகும். விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்பில் இரண்டையும் ஒரே கார்டுக்குத் தள்ளிவிடலாம்.

ரேம் விஷயத்தில் அந்தக் கடைக்காரரை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. தனி கார்டு இல்லாத கணினியில், 8 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால், இன்னொரு குச்சி போட்டால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். இவன் லேப்டாப்பில் ஏற்கெனவே இரண்டு குச்சி, தனி கார்டு. இவனுக்கு அது தேவைப்படாத மருந்து.

இரண்டாவது எண்ணுக்கு, அதாவது என்கோடிங் லேக்குக்கு, அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. பிராசசரை வைத்துச் சுருக்கும் எக்ஸ்264 என்ற முறையில் 'வெரி ஃபாஸ்ட்', 'மீடியம்', 'ஸ்லோ' என்று படிகள் இருக்கும். மெதுவான படிக்குப் போகப் போகப் படம் அழகாகும், பிராசசர் மூச்சு வாங்கும். தரம் கூடட்டும் என்று யாரோ சொல்லி 'மீடியம்' வைத்தவர்கள்தான் இங்கே மாட்டுகிறார்கள். கேமுக்கே பிராசசர் வேண்டும் என்னும்போது, சுருக்கும் வேலையைக் கார்டுக்குள் அதற்கென்றே இருக்கும் தனிச் சுற்றுக்கு மாற்றிவிடுவது நல்லது. இன்டெல் 2011-இல் குவிக் சிங்க் என்ற பெயரில் கொண்டு வந்தது. என்விடியா 2012-இல் என்வென்க் கொண்டு வந்தது. ஏஎம்டியிடமும் உண்டு. என்விடியாவில் தரம் நன்றாக உயர்ந்தது 2018-இல் வந்த டூரிங் தலைமுறையில். அதிலும் ஒரு வேடிக்கை: அடுத்த ஆண்டு வந்த ஜிடிஎக்ஸ் 1650, டூரிங் குடும்பம் என்றாலும், முதலில் வந்தபோது அதற்குள் இருந்தது முந்தைய தலைமுறை என்கோடர். நம் ஊர் லேப்டாப்புகளில் நிறையப் பார்க்கும் கார்டு அது. என்வென்க் அமைப்பில் 'லுக் அஹெட்', 'சைக்கோ விஷுவல் ட்யூனிங்' என்ற இரண்டு மட்டும் தனிச் சுற்றைத் தாண்டி கார்டின் மற்ற பாகத்தையும் கடன் கேட்கும். கார்டு நிரம்பி வழிந்தால் அவற்றை அணைத்துவிடலாம். அதுவும் போதாவிட்டால் 1280-க்கு 720 என்ற அளவுக்கு இறங்கலாம். அங்கே ஒரு படத்துக்கு 9,21,600 புள்ளிகள்தான், பாதிக்கும் குறைவு. போனில் பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு வித்தியாசம் தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

இனி நெட். மூன்றாவது எண் ஏறினால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்.

பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அகலம் வேறு, ஓட்டம் வேறு என்று சொல்லித் தர வேண்டியதில்லை. பிளானில் எழுதியிருக்கும் எண் ஆற்றின் அகலம். லைவ் போடுபவருக்கு வேண்டியது வீட்டிலிருந்து வெளியே போகும் அப்லோடு, அதுவும் விடாமல் ஒரே சீராக ஓடும் அப்லோடு. 1080 தரத்தில் 60 எஃப்பிஎஸ் லைவுக்கு ட்விட்ச் என்ற லைவ் தளம் சொல்லும் அளவு 6,000 கேபிபிஎஸ், அதாவது 6 எம்பிபிஎஸ். 720-இல் 30 எஃப்பிஎஸ் என்றால் 2,500-லிருந்து 3,000-க்குள் சமாளிக்கலாம். ஆக, 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கும் வீட்டில் அளவு ஒரு பிரச்சினையே இல்லை. சீர்தான் பிரச்சினை. ஸ்பீடு டெஸ்ட் சில நொடிகள் அளந்து ஒரு சராசரியைச் சொல்லும். நடுவில் இரண்டு நொடி ஆறு வறண்டு போனதை அது காட்டாது. லைவ் காட்டிவிடும்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் லைவ் போடுபவர்களுக்கு ஒரு கணக்கு. 6,000 கேபிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் என்றால் 2.7 ஜிபி. நாளொன்றுக்கு 2 ஜிபி பேக் 44 நிமிடத்தில் காலி. அதற்கப்புறம் வேகம் குறைக்கப்பட்டு, "திடீர்னு லேக் வந்துடுச்சு" என்று ஒரு புகார் வரும்.

லைவ் போனால் கேமில் பிங் (சேதி சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் மில்லிநொடி) எகிறுகிறது என்று சொல்பவர்களுக்கு எங்கள் வேலூரின் கிரீன் சர்க்கிள் சந்திப்பைத்தான் காட்டுவேன். சென்னையிலிருந்து தேசிய நெடுஞ்சாலையில் பறந்து வந்த லாரிகளெல்லாம் அங்கே வந்து வரிசை கட்டும். அந்த வரிசைக்குப் பின்னால் சிஎம்சி மருத்துவமனைக்குப் போகும் ஆம்புலன்ஸ் ஒன்று மாட்டினால், அது எவ்வளவு சின்ன வண்டியாக இருந்தாலும் முன்னால் இருப்பது நகர்ந்தால்தான் நகரும். ரவுட்டருக்குள் நடப்பதும் அதேதான். லைவ் வீடியோவின் பாக்கெட்டுகள், அதாவது நெட்டில் போகும் தகவல் பொட்டலங்கள், லாரிகள். நீங்கள் சுட்டதையும் ஓடியதையும் சொல்லும் கேம் பாக்கெட் ஆம்புலன்ஸ். அப்லோடு முழுக்க நிரம்பினால் ரவுட்டர் எதையும் தூக்கிப் போடாமல் நீண்ட வரிசையில் நிறுத்தி வைக்கிறது. அதனால் பிங் 30-லிருந்து 300-க்குப் போகிறது. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010–11 வாக்கில் இதை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டு வந்தார். வரிசையை நீளவிடாமல் பார்த்துக்கொள்ளும் கோடெல் என்ற முறையை கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்டார்கள். ரவுட்டரில் இப்படி வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்கியூஎம் என்று ஒரு வசதி தென்பட்டால் போட்டு விடுங்கள். இல்லாவிட்டால் எளிய வழி, லைவின் பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் அளவை) அப்லோடில் எழுபது விழுக்காட்டுக்குக் கீழே வைப்பது. அந்த நேரத்தில் வீட்டில் யாருடைய போனும் போட்டோக்களை கூகுளுக்கு ஏற்றிக்கொண்டிருக்கக் கூடாது. அது சத்தமே போடாமல் அப்லோடைத் தின்னும்.

நெட்டில் கோளாறு என்று தெரிந்த பிறகும், அது வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பார்த்த பிறகே கேபிள்காரரைக் கூப்பிடலாம். கமாண்ட் பிராம்ப்டில் ரவுட்டரின் முகவரிக்கு, பல வீடுகளில் அது 192.168.1.1, தொடர்ந்து பிங் போட்டு விடுங்கள். வயரில் அது 1 மில்லிநொடிக்குள் வர வேண்டும். வைஃபையில் அதுவே திடீர் திடீரென்று 80, 150 என்று குதித்தால் குற்றவாளி வீட்டுக்குள்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். நெருக்கமாக வீடுகள் இருக்கும் தெருவில் பத்துப் பதினைந்து ரவுட்டர்கள் அந்த மூன்றுக்கு அடித்துக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே அலைவரிசைதான். ஐந்து கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் நெரிசல் குறையும், ஆனால் கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு அது சரியாக ஏறாது. லைவ் போடுபவருக்கு நான் சொல்லும் ஒரே செலவு, கீழிருந்து மாடிக்கு ஒரு லேன் வயர். உள்ளே எல்லாம் சரியாக இருந்து, வெளியே போடும் பிங்தான் விழுகிறது என்றால், ஃபைபர் எங்காவது மடங்கியிருக்கலாம். ஒளி மிகவும் குறைந்தால் டப்பாவில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியும். அப்போது தாராளமாகச் சண்டை போடலாம்.

தூரத்தை மட்டும் யாரோடும் சண்டை போட்டுக் குறைக்க முடியாது. ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 2002-இல் போட்ட சென்னை–சிங்கப்பூர் கடலடிக் கேபிள் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். போய் வர 32 மில்லிநொடி ஆகியே தீரும். சிங்கப்பூர் சர்வரில் ஆடிக்கொண்டு 20 பிங் கேட்பவர் ஒளியிடம்தான் கேட்க வேண்டும்.

ரெக்கார்டிங்கில் நெட்டுக்கு வேலையே இல்லை, இருந்தும் அதற்கும் நெட்டைத் திட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். 40 எம்பிபிஎஸ்ஸில் பதிவு செய்தாலும் டிஸ்கில் எழுதுவது நொடிக்கு 5 எம்பி. பழைய ஹார்டு டிஸ்கும் அதைத் தாங்கும். கேமும் அதே டிஸ்கிலிருந்து காட்சிகளை இழுக்கும்போதுதான் திணறும். சேமிக்கும் வடிவத்தை எம்கேவி என்று வைப்பது நல்லது. சாதாரண எம்பி4 பதிவில் நடுவில் கரண்ட் போனால் மொத்தக் கோப்பும் திறக்காமல் போகலாம், எம்கேவியில் அது வரை எடுத்தது மிஞ்சும். அப்புறம் ஓபிஎஸ்ஸிலேயே தரம் குறையாமல் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். பிளேஸ்டேஷனில் ஆடுபவர்கள் கேம் படத்தைக் கணினிக்குக் கொண்டுவரும் மலிவு கேப்சர் கார்டு வாங்கும்போது யூஎஸ்பி பாகத்தைப் பாருங்கள். சுருக்காத 1080, 60 எஃப்பிஎஸ் படத்துக்கு, புள்ளிக்கு இரண்டே பைட் என்று வைத்தாலும், நொடிக்குக் கிட்டத்தட்ட 250 எம்பி தேவை. யூஎஸ்பி 2.0 ஏட்டளவில்கூட 60 எம்பிதான் தாங்கும். அதனால் அந்தக் கார்டு உள்ளுக்குள் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது, தாமதமும் கூடவே வருகிறது. கேமை நேராக டிவியில் பார்த்து ஆட வேண்டும், கேப்சர் திரையைப் பார்த்து ஆடக் கூடாது.

குரல் பிசகுவதற்கு முதல் சந்தேகம் புளூடூத் ஹெட்செட் மீது விழ வேண்டும். அடுத்தது, ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்பதில் மைக் 44.1 கிலோஹெர்ட்ஸிலும் ஓபிஎஸ் 48-லும் இருப்பது. கேமரா முன் ஒரு கை தட்டிப் பதிவு செய்து, கை சேரும் படத்துக்கும் சத்தத்துக்கும் இடைவெளியை எண்ணி, அந்த மில்லிநொடியை ஓபிஎஸ்ஸின் 'சிங்க் ஆஃப்செட்'டில் போட்டால் போதும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால், அது ஆஃப்செட்டில் தீராது. கிலோஹெர்ட்ஸ் பொருத்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசி வகை கோளாறே இல்லை. ஒரு நாள் அக்கா கீழே ஹாலில் டிவியில் இவன் லைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியில் இவன் செத்து, திட்டி, அடுத்த ஆட்டமே தொடங்கிவிட்டான். அப்போதுதான் கீழேயிருந்து "ஐயோ, போயிட்டியேடா!" என்று சத்தம் வந்தது. யூடியூப் வீடியோவைத் துண்டுகளாக வெட்டி, சில துண்டுகள் சேர்ந்த பிறகே ஓட்டத் தொடங்குகிறது. நடுவில் நெட் தடுமாறினாலும் படம் நிற்காமலிருக்க அந்தக் கையிருப்பு வேண்டும். 'அல்ட்ரா லோ லேட்டன்சி' போட்டால் தாமதம் சில நொடிக்கு இறங்கும், கையிருப்பும் குறையும், பார்ப்பவர் பக்கம் சுழலும் வட்டம் அதிகமாகும். சாட்டில் பேசிக்கொண்டே ஆடுபவருக்கு அது தேவை. மற்றவர்கள் சாதாரணமாக விட்டுவிடலாம்.

இத்தனையும் சரி செய்து இரண்டு மாதம் ஓடியது. மே மாதம் மறுபடி போன். "முதல் கால் மணி நேரம் நல்லா போது மாமா, அப்புறம் அடிக்குது." அந்த 'அப்புறம்' போதும், எனக்குப் புரிந்துவிட்டது. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், சும்மாவா வெயிலூர் என்கிறோம். பகல் முழுக்க 40 டிகிரிக்கு மேல் குடித்த மொட்டை மாடித் தளம் ராத்திரி பதினொன்று வரை அதை அறைக்குள் கக்குகிறது. லேப்டாப் பிராசசர்கள் 95 அல்லது 100 டிகிரியைத் தொட்டதும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் வெப்பம் ஏற, வேகம் சரிவது கோடு போட்டது போலத் தெரிந்தது. தூசி தட்டினோம், மெத்தை மேல் வைத்திருந்ததை மேசைக்கு மாற்றிப் பின்பக்கம் உயர்த்தி வைத்தோம். ஐந்தாறு டிகிரி குறைந்தது. போதவில்லை.

கடைசியில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே ஹாலுக்கு வந்துவிட்டான், அங்கேதான் ஏசி. அங்கே டிவியும் அக்காவும் இருப்பதால், ஜூன் வரைக்கும் சீரியல் எல்லாம் முடிந்து பத்தரை மணிக்கு மேல்தான் லைவ்.